செனட் சபையில் இறந்துபோன எங்கள் அம்மா

என் அன்புத் தம்பி குணா,

நீ இருக்கும் இடத்துக்கு இங்கத்தைய செய்திகள் வந்து சேருமோ தெரியாது. இருந்தாலும் சொல்கிறேன். அடுத்த மாதம் பென்டில் ஹில் மண்டபத்தில் உன் செனட்டருக்குப் பாராட்டு விழா வைக்கிறார்கள். பொன்னாடை, மாலை, நாதஸ்வரம் எல்லாம் உண்டு. எதிர்க்கட்சி வரிசையில் இருந்துகொண்டு அகதிகளுக்காக ஓயாமல் குரல் கொடுத்தாராம், அதற்காக.

விழாக் குழுவில் இருக்கும் அங்கிள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். குணாவின் அக்கா என்ற முறையில் நான்தான் மேடையேறி மாலை போட வேண்டுமாம். ஏலாது என்றேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. உன் தம்பிக்காகப் பாராளுமன்றத்தில் கண்ணீர் விட்ட மனுசிக்கு இவ்வளவுதானா நன்றி என்று கேட்டுவிட்டு, போட்ட தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார்.

இப்போது கடையிலும் கோயிலிலும் வசந்திக்குத் தலைக்கனம் என்று கதை. அதனால்தான் நம் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த விஷயத்தை நாலு பேர் வாசிக்கும் இந்தப் பத்திரிகையில் உனக்கு எழுதுகிறேன். உனக்குக் கோபம் வருமோ? நீ யாரையும் நாலு பேர் முன்னால் குறை சொல்ல விடாதவன்.

நீ படகில் வந்து சேர்ந்தபோது நான் கலியாணம் முடித்து வந்து, குடியுரிமையும் எடுத்து, பிளாக்டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக இருந்தேன். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம். எனக்குக் கடவுச்சீட்டு இருந்தது. உனக்கு முடிந்து முடிந்து புதுப்பிக்கும் ஒரு தற்காலிக விசா. ஊரில், வட்டக்கச்சியில் இருக்கும் அம்மாவை நான் விரும்பிய நேரம் போய்ப் பார்த்தேன். நீ போனால் திரும்பி வர முடியாது. இதைப் பற்றி நீ ஒருநாளும் என்னோடு முகம் சுளித்ததில்லை. அதுதான் இப்போது எனக்குப் பெரிய பாரம்.

உறைந்த இறைச்சிப் பெட்டிகளை அடுக்கும் குளிர்க் களஞ்சியத்தில் உனக்கு வேலை. இடைவேளையில் மற்றவர்கள் கிரிக்கெட் பார்ப்பார்கள். நீ செனட் சபை பார்ப்பாய். ஆங்கிலம் பழகத்தான் தொடங்கினாய். பிறகு அதுவே பித்தாகிவிட்டது. அத்தான் வீட்டில் குரலை உயர்த்தினால், "பொயின்ட் ஒஃப் ஓர்டர், அத்தான்" என்று, சபையில் ஒழுங்குப் பிரச்சினை எழுப்புகிறவர்கள் மாதிரிக் கையைத் தூக்குவாய். அவருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அப்படித்தான் அந்த மனுசியைக் கண்டுபிடித்தாய். எதிர்க்கட்சியில் பின் வரிசை. வெள்ளத்தில் வீடு போனவர்களுக்குக் காப்புறுதி மறுத்த கதை, வாடகை ஏற்றம், மின்சாரக் கட்டணம் என்று எது விவாதத்துக்கு வந்தாலும் எழும்பிவிடுவார். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே எனக்குச் சொல்லுவாய். "அக்கா, மனுசி இண்டைக்கு மந்திரியை வெளுத்து வாங்கிப்போட்டா."

ஒருநாள் முதியோர் இல்லங்களைப் பற்றி அவர் பேசியதை எனக்கும் போட்டுக் காட்டினாய். ஒரு தாதி எத்தனை கிழவர்களைத் தனியே தூக்கிக் குளிப்பாட்ட வேண்டியிருக்கிறது, அவளுடைய முதுகு என்ன பாடுபடும் என்று பேசினார். என் வேலையைப் பற்றிய பேச்சு அது. ஒரு சொல்கூடப் பிழையில்லை. குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே நானும் கண்ணைத் துடைத்தேன். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

அவருடைய அலுவலகத்துக்கு நீ மின்னஞ்சல் போட்டதும், அவர்கள் உன்னை வரச் சொன்னதும் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் வேலையில் நின்றேன். மொழிபெயர்க்க ஆள் வேண்டாம், என் ஆங்கிலத்திலேயே பேசுகிறேன் என்று தனியாகப் போனாய். திரும்பி வந்தபோது உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. உன் முழுப்பேரையும் அவர் பிழையில்லாமல் சொன்னாராம். குணாளன் என்று.

கடைசிச் சண்டையில் பதுங்குகுழிக்குள் ஷெல் விழுந்து சின்னம்மா உன் மடியில் உயிர் விட்டதை அவர்களுக்குச் சொன்னாய். சின்னம்மாவை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாய் என்று நான் கேட்டேன். "ஸ்மோல் மதர்" என்றாய். இருவரும் சிரித்தோம். 'ஆன்ட்' என்று சொன்னால் அது பக்கத்து வீட்டு அன்ரியும் ஆகும், பவளம் சின்னம்மா அப்படியா என்று கேட்டாய். நியாயம்தான். நம்மைத் தூக்கி வளர்த்தவர் அவர்.

அந்தச் 'சின்ன' என்ற சொல் அலுவலகத்தில் எந்த மேசையில் விழுந்து தொலைந்ததோ தெரியாது.

பாராளுமன்றம் இருக்கும் கன்பராவுக்கு, அத்தானின் கோட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தாய். கை கொஞ்சம் நீளம். அகதிகளின் விசா பற்றிய விவாதத்தில் உன் கதையைச் சொல்லப்போவதாகவும், நீ பார்வையாளர் மாடத்தில் இருந்தால் நல்லது என்றும் செனட்டரின் ஆலோசகர் ரேச்சல் கேட்டிருந்தாள். சிவப்புக் கதிரைகள் நிறைந்த அந்த மண்டபத்தில் ஆட்கள் இருந்ததோ இங்கொருவர் அங்கொருவர்தான். இந்தக் கொஞ்சப் பேர் இருக்கும் சபையைத்தானா நீ இத்தனை நாள் பார்த்தாய் என்று எனக்குள் ஓடியது. உன்னிடம் சொல்லவில்லை.

செனட்டர் எழும்பினார். நல்ல குரல். உன் படகு, உன் முகாம், உன் குளிர்க் களஞ்சியம் எல்லாவற்றையும் அழகாகச் சொன்னார். பிறகு, "இந்த மனிதரின் தாய் இவருடைய கைகளில் இறந்தார்" என்றார். அதைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் நிறுத்தினார்.

"அக்கா, அம்மா எண்டே சொன்னவ?" என்று நீ என் காதுக்குள் கேட்டாய்.

"ஓம்" என்றேன்.

கீழே இருந்தவர்கள் நிமிர்ந்து உன்னைப் பார்த்தார்கள். அரசாங்கப் பக்கத்தில் இருந்த ஒரு பெண்கூட நெஞ்சில் கை வைத்து உன்னைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். நீயும் தலையாட்டினாய். வேறு என்ன செய்ய முடியும்? அம்மா அந்த நேரம் வட்டக்கச்சியில் கோழிகளுக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்திருப்பார். அதை எழும்பிச் சொல்லலாம் என்றால், மாடத்தில் இருப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லி விட்டிருந்தார்கள்.

வெளியே நடைபாதையில் அவர் வந்து உன் இரண்டு கைகளையும் பிடித்தார். அம்மா உயிரோடு இருக்கிறார், இறந்தது ஸ்மோல் மதர் என்று நீ சொல்லத் தொடங்கினாய். அவர் ஐ ஆம் சோ சொரி, குணா என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உன் இழப்புக்காகச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. அதற்குள் வாக்கெடுப்பு மணி அடித்தது, அவர் ஓடிவிட்டார். ரேச்சலிடம் நான் தெளிவாகச் சொன்னேன். பார்த்துக்கொள்கிறோம் என்றாள்.

வரும்போது காரில் நீ சிரித்தாய். உயிரோடு இருப்பவரைச் செத்தவர் என்று சொன்னால் ஆயுள் கூடுமாம், அம்மா நூறு வயது இருப்பா என்றாய். அன்றிரவு அம்மாவோடு கதைக்கும்போது இதைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கினாய்.

நாங்கள் ரேச்சலுக்கு எழுதினோம். பேச்சு பதிவாகிவிட்டது, எழுத்துப் பிழை என்றால் பதிவு செய்பவர்களே திருத்தலாம், இது அப்படியில்லை, செனட்டர் சபையில் எழும்பித்தான் திருத்த வேண்டும் என்று பதில் வந்தது. சரி, எழும்பச் சொல்லுங்கள் என்றோம். இந்த வாரம் கொஞ்சம் சிக்கல் என்றாள்.

சிக்கல் என்னவென்று நீதான் எனக்கு விளங்கப்படுத்தினாய். ஒரு மந்திரி சபையில் பிழையான தகவல் சொல்லிவிட்டார் என்று எதிர்க்கட்சி அவரை அந்த நாட்களில் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. முன்னணியில் நின்றவர் உன் செனட்டர். அந்த நேரத்தில் தானும் ஒரு பிழை சொன்னேன் என்று எழும்பினால் மற்றப் பக்கம் சிரிக்காதா? "அவவுக்கும் கஷ்டம்தானே அக்கா, இந்த அமர்வு முடியட்டும்" என்றாய்.

அமர்வு முடிந்தது. அடுத்ததும் தொடங்கியது. அதற்குள், உன் அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டதற்கு எதிரான மேன்முறையீட்டு விசாரணை வந்துவிட்டது.

நான் உன் பக்கத்தில்தான் இருந்தேன். விசாரித்த பெண் அதிகாரி சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். விண்ணப்பத்தில் தாய் உயிரோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பாராளுமன்றத்தில் உங்களைப் பற்றி, உங்கள் முன்னிலையில், தாய் இறந்துவிட்டார் என்று சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டில் எது உண்மை?

"என்ர அம்மா உயிரோட இருக்கிறா" என்றாய். அப்படியானால் செனட்டருக்கு ஏன் வேறு மாதிரிச் சொன்னீர்கள் என்று அவர் கேட்டார். நீ சின்னம்மாவைப் பற்றிச் சொன்னாய். ஸ்மோல் மதர் என்றாய். மொழிபெயர்ப்பாளரும் விளக்கினார். செனட்டரிடம் இருந்து திருத்தம் ஏதும் உண்டா என்று அதிகாரி கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நம்மிடம் என்ன இருந்தது?

மறுத்துவிட்டார்கள். தீர்ப்பில் வேறு காரணங்களும் இருந்தன, நான் மறைக்கவில்லை. ஆனால் 'விண்ணப்பதாரர் நம்பகமான சாட்சி அல்லர்' என்ற வசனத்துக்குக் கீழே முதலாவதாக இருந்தது அம்மாவின் கதைதான். அதை நீ ஆங்கிலத்திலேயே வாசித்தாய். மொழிபெயர்க்க என்னைக் கேட்கவில்லை.

நான் ரேச்சலுக்குப் போன் எடுத்துக் கத்தினேன். அவள் பாவம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தாயா சின்னம்மாவா என்பதால் அந்தப் பேச்சின் சாரம் மாறாது என்று செனட்டர் கருதுகிறார் என்றாள்.

சாரம். அம்மாவை எடுத்துவிட்டால் உன் கதையில் மிச்சம் என்ன சாரம், குணா?

அதற்குப் பிறகும் நீ அவரை விட்டுக்கொடுக்கவில்லை. இடைவேளையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். ஒரு சனிக்கிழமை, வீட்டில் சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு பழைய விவாதம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் அந்த மந்திரியைப் பார்த்து, பிழையான தகவல் இந்தச் சபையின் பதிவில் ஒரு நாள்கூடக் கிடக்கக் கூடாது, அது மக்களுக்குச் செய்யும் அவமானம் என்று முழங்கினார். நீ காதில் இருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாய். மிச்சச் சோற்றைக் கொட்டிவிட்டுக் கோப்பையைக் கழுவினாய். அன்றோடு செனட் பார்ப்பதை விட்டுவிட்டாய்.

நெஞ்சு நோகிறது என்று சொன்னதும் அந்த நாட்களில்தான். வாய்வு என்றாய். வைத்தியரிடம் போவோம் என்றேன். விசா முடிந்துவிட்டது, அதோடு இலவச வைத்தியமும் இல்லை, புதியது வந்த பிறகு போவோம் என்றாய். அது வருவதற்கு முன் குளிர்க் களஞ்சியத்தில், பெட்டிகளுக்கு நடுவில் விழுந்தாய். உன்னோடு வேலை செய்த பையன்கள் தங்கள் ஜக்கெட்டுகளைக் கழற்றி உன்னைப் போர்த்தியிருந்தார்களாம். அம்புலன்ஸ் வந்தபோது நீ இல்லை. உனக்கு நாற்பது வயதும் ஆகவில்லையே.

செத்தவீட்டை அம்மா போனில்தான் பார்த்தார். அதை எழுத எனக்கு ஏலாது.

செத்தவீடு முடிந்த பிறகு செனட்டர் தானே எனக்குப் போன் எடுத்தார். உன்னைப் பற்றிச் சபையில் பேச அனுமதி கேட்டார். பேசுங்கள், ஆனால் முதலில் எங்கள் அம்மா உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள் என்றேன். கட்டாயம் என்றார். நான் நம்பினேன்.

வேலை இடத்துச் சாப்பாட்டறையில் இருந்து நேரடியாகப் பார்த்தேன். அழகான பேச்சு. இடையில் குரல் உடைந்தது, நடிப்பென்று நான் சொல்லமாட்டேன். முடிக்கும்போது சொன்னார். "இன்று குணாளன் தன் தாயோடு சேர்ந்துவிட்டார்."

ஆமோதிக்கும் குரல்கள் இரண்டு பக்கத்திலும் இருந்து வந்தன. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒன்றாகச் சேர்ந்த அபூர்வமான நேரம் அது. என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண் என் தோளைத் தடவினாள். நான் எழும்பி, ஐந்தாம் அறைக் கிழவிக்கு மருந்து கொடுக்கப் போனேன்.

அந்தப் பேச்சு வட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றி அம்மாவுக்கும் போய்விட்டது. அம்மா எனக்கு எடுத்தார். "பிள்ளை, இந்த மனுசி தம்பியைப் பற்றி அழுது அழுது என்ன சொல்லுறா?" என்று கேட்டார். உனக்குச் செய்த சத்தியத்தை அன்று உடைத்தேன், தம்பி. முதலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அம்மா சொன்னார்: "அவவிட்டப் போ. போய் எனக்கு வீடியோ கோல் எடு. நான் கதைக்க வேணும்."

போனேன். அலுவலகத்தில் செனட்டர் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் போனை அவர் மேசையில் நிறுத்தி வைத்தேன். திரையில் அம்மா. தலை வாரி, திருநீறு பூசி, வெள்ளைச் சேலையில் கதிரையில் நேராக இருந்தார். செனட்டருக்கு யாரென்று சட்டென விளங்கவில்லை. நான் சொன்னதும் அவருடைய கை வாய்க்குப் போனது.

அம்மா வணக்கம் சொன்னார். நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன், ஒன்றையும் மெதுவாக்கவில்லை.

"நான் கனகம்மா. குணாளன்ர அம்மா. செத்தது என்ர தங்கச்சி. அவளுக்கும் ஒரு பேர் இருந்தது, பவளம். அவளைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் அவளின்ர பேரைச் சொல்லிக் கதையுங்கோ."

செனட்டர் அழுதார். ஆலோசகர்கள் எழுதித் தருவதைத் தான் வாசித்ததாகவும், அந்த நாட்களில் பெரும் நெருக்கடியில் இருந்ததாகவும், உன்னை மிகவும் மதித்ததாகவும் சொன்னார். இரண்டாம் பேச்சில் ஏன் திருத்தவில்லை என்று நான் கேட்டேன். நினைவு கூரும் நேரத்தில் அது பொருத்தமாக இருக்காது என்று பட்டதாம். அதையும் அம்மாவுக்குச் சொன்னேன்.

"என்ர பிள்ளை பொய் சொல்லேல்லை எண்டு சொல்லுங்கோ. அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்றார் அம்மா. போனை வை பிள்ளை என்றார்.

போன கிழமை செனட்டர் சபையில் எழும்பினார். முன்பு நிகழ்த்திய உரைகளில் ஒருவருடைய தாய் என்று குறிப்பிட்டது சிறிய தாயார் என்று இருக்க வேண்டும், பதிவுக்காகத் தெளிவுபடுத்துகிறேன் என்றார். உன் பெயர் இல்லை. பவளம் சின்னம்மாவின் பெயர் இல்லை. நீ பொய் சொல்லவில்லை என்ற வார்த்தையும் இல்லை. அவைத் தலைவர் நன்றி சொன்னார். அடுத்ததாக மீன்பிடிச் சட்டமூலம் ஒன்றை எடுத்தார்கள்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, குணா. யாரும் சிரிக்கவில்லை. மற்றப் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இவ்வளவுதானா? உன் விசாரணைக்கு முன் அந்த ஒரு நிமிடத்தை எடுத்திருந்தால் எல்லாமே மாறியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அதிகாரி திருத்தம் உண்டா என்று கேட்டபோது நீ என்னைப் பார்க்க வேண்டி வந்திருக்காது.

அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் நீ கிட்டப் போயிருக்கவேமாட்டாய். பேச்சு நன்றாக அமைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் ஆள் அவர். நாமும் கேட்டுக் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வருகிற ஆட்கள்தானே.

இனி நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். உன்னை நம்பத்தகாதவன் என்று சொன்ன தீர்ப்பு அப்படியே இருக்கிறது. விண்ணப்பதாரர் இறந்துவிட்டதால் வழக்கும் முடிந்தது, இனி அதைத் திருத்தி யாருக்கு என்ன லாபம் என்று நம் சட்டத்தரணி கேட்டார். எனக்கு என்றேன். எங்கள் அம்மாவுக்கு என்றேன். மெல்பனில், பொயின்ட் குக் பகுதியில் இருக்கும் ஒரு பெண் சட்டத்தரணி வழி இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவளும் கைவிட்டால் அடுத்தவரிடம் போவேன். எனக்கு அவர்களைப் போல் பேச வராது, குரலும் உடையாது. ஆனால் உன் பெயருக்குப் பக்கத்தில் 'நம்பத்தகாதவன்' என்ற அந்தச் சொல் கிடக்கும் வரைக்கும் நான் கதவு தட்டுவதை நிறுத்தமாட்டேன். இதை நான் உனக்கு வாக்காகத் தருகிறேன், தம்பி.

நீ சொன்னது அத்தனையும் உண்மை என்று அறிந்த,
உன் அக்கா,
வசந்தி